வாசல் சுவரில் சின்னக் கைகள்

வழிகாட்டி பன்வர்லால் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தான். சுவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். இனி உம் பாடு என்பதுபோல ஆவுடையப்பனைத் திரும்பிப் பார்த்தான். அவன் பார்த்தால் போதாதா, தென்காசியிலிருந்து சமையல்காரர், அரிசி மூட்டை, நார்த்தங்காய் ஊறுகாய் சகிதம் வடக்கே கிளம்பி வந்திருந்த மொத்தக் கூட்டமும் அவரைத் திரும்பிப் பார்த்தது. "என்ன சொல்லுதாரு அண்ணாச்சி?" என்றாள் வேலம்மா. எந்த ஊரில் எந்தக் கல்லுக்கு முன்னால் கொண்டு நிறுத்தினாலும் முதலில் கேட்கிறவள் அவள்தான். ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடி நின்றது. டெல்லியில் ரயிலைவிட்டு இறங்கிய நாள் முதல் இப்படி ஆனதில்லை. வழிகாட்டிகள் இந்தியில் பொழிவார்கள், இவர் தமிழில் பொழிவார், இரண்டு மழைக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. டெல்லியில் அந்த உயரமான கோபுரத்துக்கு முன்னால், சுல்தானின் மாமியார் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டாளா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளத்தான் இவ்வளவு உயரம் என்றார். ஜெய்ப்பூரில் முழுக்க ஜன்னலாகவே நின்ற மாளிகைக்கு, மருமகளுக்கு ஒரு ஜன்னல், எதில் நின்றாலும் இன்னொருத்தி மூஞ்சி தெரியாது, அதுதான் அந்தக் கொத்தனாரின் மூளை என்றார்; பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள். இன்று காலையில்கூட, இந்த ஜோத்பூர்க் கோட்டை ஏற்றத்தில் ஒரு வாசல் சுவரில் பீரங்கிக் குண்டு பட்ட வடுவைக் காட்டியபோது, பெண்ணெடுக்க வந்த மாப்பிள்ளை வீட்டாருக்குப் பந்தியில் பாயசம் பத்தாமல் போய்ச் சுட்டது என்றார். இதோ இந்தக் கடைசி வாசலின் இரும்புக் கதவில் நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளைப் பற்றி வழிகாட்டி சொன்னதில் ஹாத்தி என்பது மட்டும் காதில் விழ, யானைக்கு முதுகு அரித்தால் சொறிந்துகொள்ள ராஜா செய்து கொடுத்த வசதி என்று சற்று முன்னால்தான் அவிழ்த்துவிட்டிருந்தார். அந்தச் சிரிப்பு இன்னும் வாசல் வளைவுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் பன்வர்லால் கதவை விட்டுச் சுவருக்கு வந்துவிட்டான்.

ஆவுடையப்பனுக்கு இந்தி தெரியும் என்பது தென்காசி முழுக்கத் தெரிந்த சங்கதி. தெரியாது என்பதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மீசை அரும்பும் வயசில் பம்பாய்க்கு ஓடிப்போய், மாட்டுங்காவில் ஒரு தமிழ் மெஸ்ஸில் எச்சில் இலை எடுத்துவிட்டு, அடுத்த மழைக்காலத்துக்குள் காய்ச்சலோடு திரும்பி வந்த பையன் அவர். அந்த மெஸ்ஸில் முதலாளி தமிழ், அடுப்படி தமிழ், சாப்பிட வருகிறவன் தமிழ், ராத்திரி கடிக்கிற மூட்டைப்பூச்சிகூடப் பாலக்காட்டுத் தமிழ். இந்தி என்று அவர் மூட்டை கட்டிக்கொண்டு வந்தது பத்துவரை எண்ணிக்கை, கொஞ்சம் கெட்ட வார்த்தை, பிறகு ஆக் என்ற ஒரு வார்த்தை. மெஸ்ஸுக்குப் பின்னால் மரக்கிட்டங்கி பற்றி எரிந்த மத்தியானம் தெருவே அந்த ஒரு வார்த்தையைக் கத்திக்கொண்டு ஓடியது, ஆக், ஆக், ஆக். இவரும் இலைக் கூடையோடு என்ன ஏதென்று தெரியாமலே ஆக் ஆக் என்று கத்திக்கொண்டு கூடவே ஓடினார். முகத்தில் அனல் அறைந்த பிறகுதான் தீயைச் சொல்கிறார்கள் என்று விளங்கியது. அப்படிப் படித்த பாடம் மறக்குமா? பிற்பாடு ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொடுத்த காலமெல்லாம், அந்த வாடை மூக்கில் ஏறும்போது தலைக்குள் எவனோ ஆக் என்பான். இப்போது அதைப் பன்வர்லால் சொல்லிவிட்டான். ராணி என்றான், புரிந்தது. ராஜா என்றான், கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் காட்டினான், ராஜா போய்ச் சேர்ந்துவிட்டார், அதுவும் புரிந்தது. ஸாத் என்றான், கூட. காலையிலிருந்து டீக்கடைக்காரனும் பஸ் டிரைவரும் சொல்லிக்கொண்டிருந்த சொல். பிறகு ஆக் என்றான். சொல்லிவிட்டு இடுப்பளவில் இரண்டு கையையும் வைத்து விரல்களை ஆட்டி ஆட்டி மேலே கொண்டுபோனான், நெஞ்சுக்கு, முகத்துக்கு, தலைப்பாகைக்கும் மேலே. அங்கே விரல்கள் விரிந்து ஒன்றுமில்லாமல் போயின. இதற்கு இந்தி தெரிய வேண்டுமா? ராஜாவோடு கூட. தீயில். போகிற வழியில் இந்த வாசலில் நின்று சுவரில் கையைப் பதித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆயுசில் முதன்முதலாக ஒரு முழு இந்தி வாக்கியம் ஆவுடையப்பனுக்குப் புரிந்துவிட்டது, புரிந்திருக்க வேண்டாம்.

கைகள். கல்லில் அடுக்கடுக்காகக் கைகள், செந்தூரம் அப்பி, வெள்ளித்தாள் ஒட்டி, மேலே வாடின சாமந்தி. எண்ண ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். எல்லாம் என்ன இவ்வளவு சின்னக் கை? ராணி என்றால் ஆள் பூதாகாரமாக இருப்பாள் என்றல்லவா நாமே சொல்லிக்கொண்டு வந்தோம், ஜெய்ப்பூரில் ஒரு ராணிக்கு மூக்குத்தி மாட்ட ஏணி வைத்தார்கள் என்றுகூடச் சொன்னோமே, இது பாண்டிக்கல் பொறுக்கி விளையாடுகிற பிள்ளை கை மாதிரியல்லவா இருக்கிறது. உலகம்மாளுக்கும் இப்படித்தான், குஞ்சுக் கை. வளையல்காரன் பெரிய வளையலையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பிள்ளைகள் பெட்டியைத் திறப்பான். கல்யாணமான புதிதில் அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்து மூடி, எங்கே காணோம் எங்கே காணோம் என்று விளையாடியிருக்கிறார். அத்தை மகள்தான், கூச்சம் என்ன. உலகம்மாள் இப்போது எங்கே நிற்கிறாள் என்று அவருக்குத் திரும்பிப் பாராமலே தெரியும், இடது பக்கம், ஒரு முழம் பின்னால், கையில் தண்ணீர்ப் பாட்டில், தோளில் அவருடைய மாத்திரைப் பை. நீங்க போனா மறுநாளே நானும் வந்துருவேன் அத்தான். சொன்னாளே. நெஞ்சைத் திறப்பதற்காகச் சக்கரக் கட்டிலில் போட்டுத் தள்ளிக்கொண்டு போகிறார்கள், மேலே டியூப்லைட் ஒவ்வொன்றாகப் பின்னால் ஓடுகிறது, கால் சில்லிட்டுக் கிடக்கிறது, அந்தப் பச்சைத் துணிக்கதவுக்கு முன்னால் கட்டிலை நிறுத்திய ஒரு நொடியில் குனிந்து காதுக்குள் சொன்னாள், நீங்க போனா மறுநாளே நானும் வந்துருவேன். பினாயில் நெடிக்கு நடுவில் அவள் முகத்து மஞ்சள் வாசம். அப்படியே ஜில்லென்று ஏதோ ஒன்று உள்ளே இறங்கி, பயம் போய், சரி வெட்டுங்கடா என்று கிடந்தார். ராஜா மாதிரிக் கிடந்தார் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார். ராஜா மாதிரி. இந்தச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு அந்தச் சொல்லை நினைக்கவே நாக்கு ஒட்டிக்கொண்டது.

அதை அவர் தனக்குள் வைத்துக்கொண்டிருந்தால் இவ்வளவு இல்லை. ஆவுடையப்பன் வாயில் விழுந்தது என்றைக்கு உள்ளேயே இருந்திருக்கிறது? தையல் பிரித்த வாரமே டீக்கடையில் சொன்னார். முடிவெட்டுகிறவரிடம் சொன்னார். சம்பந்தி வீட்டில், சம்பந்தியம்மாள் இலையில் அப்பளம் வைத்துக்கொண்டு நின்றபோது சொன்னார். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது, அவர் வளர்ப்பில் எது வளராமல் இருந்திருக்கிறது. டீக்கடையில் காதுக்குள் சொன்னவள் சலூனில் கதறிச் சொன்னாள், சம்பந்தி வீட்டில் உலகம்மன் கோயில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டாள், கடைசியில் கோயில் மண்டபத்தில் சொன்னபோது டாக்டர் கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெருமை. என்ன பெருமை அது, மண்ணெண்ணெய் ஊற்றின கைக்கு இப்படி ஒரு பெருமை. அவள் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்பாள், ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை, உதட்டை ஒரு பக்கமாகக் கோணிக்கொள்வாள், அதை அவர் வெட்கம் என்று எடுத்துக்கொண்டார். ஊரில் அவள் பேரே மாறிப்போயிற்று. கூட வாரேன்னு சொன்ன உலகம்மா. பஸ்ஸில் வேலம்மா நேற்றுக்கூட, "நம்மள மாதிரியா, அக்கா அவருகூடவே போறவ, குடுத்து வச்சவ" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லி அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளை உயிரோடு வைத்துக்கொண்டே சுவரில் ஒட்டிவிட்டார்கள். ஒட்டினது யார்? போன மாசம் மதுரைக்குத் தனியாகப் போய்ப் படம் எடுத்துப் பார்த்ததில், வைத்துத் தைத்த குழாயிலேயே திரும்ப அடைப்பு. இனி திறக்க முடியாது, மாத்திரையில் ஓட்டலாம், ஓடுகிறவரை ஓடட்டும் என்றார் டாக்டர். இவர் வீட்டுக்கு வந்து, என் இதயத்தின் படத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டப் போகிறார்களாம், படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடமாம் என்றார். அவள், ஆபரேஷனுக்கு நேர்ந்துகொண்ட நேர்த்திக்கடனை முடிக்கணுமே என்று வடக்கே டூருக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாளே. மறுநாள் என்றால் எந்த நாளுக்கு மறுநாள்? இந்த வருஷமே வந்துவிடுமே அந்த நாள். விடிந்ததும் ஊர்ச் சனம் வாசலில் வந்து அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்குமே, என்ன இன்னும் இருக்கியா என்பதுபோல.

"சொல்லுங்க அண்ணாச்சி, யாரு கைய்யி இதெல்லாம்?" வேலம்மா விடுவதாயில்லை. பின்னாலிருந்து ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் நயினார், "சரக்கு தீந்துபோச்சு போலிருக்கு வே" என்றார். நயினாருக்கு டெல்லியிலிருந்தே சந்தேகம். வளைவுக்குள் காற்று இல்லை. முன்னால் ஏற்றம், பின்னால் ஏறி வருகிற கூட்டம், இரண்டு பக்கமும் யானை அளவு கல். தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவன் தந்தி வாத்தியத்தை இழுத்துக்கொண்டிருந்தான், அந்த இழுப்பு நேராக அவருடைய தையல் தழும்பில் போய்ப் பட்டது. எதையாவது சொல்லு. என்னத்தையாவது சொல்லு, நகரட்டும், மேலே போகட்டும், மேலே போனால் நீல நிறத்தில் வீடுகளாம், அதைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். "ராணிமாரு கைய்யி" என்றார். சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தெரிந்த வாயா அது? "கல்யாணமாகி வந்த ராணிமாரு, முதல்முதலா வலது காலை எடுத்து வச்சு உள்ள வரும்போது பதிச்சது. சுமங்கலிக் கை." அப்போதே தெரிந்துவிட்டது, தப்பான இடத்தில் காலை வைத்துவிட்டோம் என்று. சுமங்கலி என்ற சொல் விழுந்த நிமிஷமே பெண்களெல்லாம் செருப்பைக் கழற்றினார்கள். நடுவழியில், ஏறுகிறவர் இறங்குகிறவர் காலடியில் குவியலாகச் செருப்பு. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். ஒருத்தி பையிலிருந்து இலஞ்சிக் கோயில் குங்குமத்தை எடுத்தாள். ஒவ்வொரு கைக்கும் ஒரு பொட்டு வைத்து, மிச்சத்தைத் தாலியில் வைத்து, தாலியைக் கண்ணில் ஒற்றி, "தீர்க்க சுமங்கலியா இருக்கணும் தாயே" என்று முணுமுணுத்தார்கள். இடம் போதாமல் நின்ற இடத்திலேயே மூன்று சுற்றுச் சுற்றினார்கள். பன்வர்லால் இதைப் பார்த்தான். எத்தனை வெள்ளைக்காரனுக்கு, எத்தனை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லியிருப்பான், எவரும் இப்படி உருகினதில்லை. தன் இந்தி தெற்கத்திப் பெண்களின் நெஞ்சுக்குள் இப்படி இறங்கிவிட்டதே என்று கண் கலங்கிவிட்டது அவனுக்கு, அவனும் செருப்பைக் கழற்றிவிட்டு ஆவுடையப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினான். குலுக்கின கையை விடவில்லை. ஒரு கையை அவன் பிடித்திருக்கிறான், இன்னொரு கையில் பெண்கள் கொடுத்துவிட்டுப் போன கைப்பைகள், நாலா, ஐந்தா, தோள்வரை தொங்குகின்றன. அவரால் மூக்கைக்கூடச் சொறிய முடியாது.

உலகம்மாள் இன்னும் சுவரருகே போகவில்லை. அவள் பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு தன் மொழியில் கோட்டைக் கதை கேட்டுக்கொண்டிருந்த அந்த நரைத்த தலைக்காரி, கேட்கக் கேட்க வாயைப் பொத்திக்கொண்டு, குங்குமம் வைக்கிற பெண்களையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்தாள், பேய் அடித்தவள் மாதிரி. கழற்றேன் அம்மா அந்தக் கருவியை, போயேன், நீ எதற்கு இங்கே வந்து நிற்கிறாய், உன் ஊரில் கோட்டை இல்லையா? "அது சரிவே" என்று நயினார் ஆரம்பித்தார். போஸ்ட்மாஸ்டருக்குத் தபால் தலைகீழாக ஒட்டியிருந்தாலே பொறுக்காது. "புதுப் பொண்ணு வாரதுன்னா மஞ்சக் கையை வீட்டு நிலையில உள்பக்கம்லா வைப்பா. இது வெளிய போற வாசல்லா? போறவ எதுக்குவே கை வச்சிட்டுப் போறா?" ஆவுடையப்பன் அவரை ஒரு பார்வை பார்த்தார், அந்தப் பார்வைக்குப் பொருத்தமாக ஒரு வார்த்தை சொல்ல அவரிடமிருந்த பம்பாய்க் கெட்ட வார்த்தைகள் போதாது. நெஞ்சுக்குள் ஒரு பல்லி ஓடி நின்றது. ஓடி நின்றது, திரும்ப ஓடியது. மாத்திரைப் பை அவள் தோளில். கேட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும், கேட்காவிட்டால் இங்கேயே, இந்தச் செருப்புக் குவியலின் மேலேயே, சரிந்தால், ஐயோ, இங்கேயே என்றால் நாளைக்கே அவள் சொன்ன அந்த மறுநாள் ஆகிவிடுமே. இந்தச் சுவருக்கு முன்னால் போய். ஒரு பெண்பிள்ளைக் கூட்டமே சாட்சியாக. விழக்கூடாது, ஆவுடையப்பா, எங்கே வேண்டுமானாலும் விழு, ரயில் கக்கூஸில் விழு, இங்கே விழாதே. அப்போதுதான் உலகம்மாள் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு முன்னால் போனாள். பெண்கள் வழிவிட்டார்கள், அவள் யார், கூடப் போகிறவள் அல்லவா. வரிசையில் ஆகச் சின்னதாக, மேலோரமாக இருந்த ஒரு கையின் மேல் தன் கையை வைத்தாள். விரலுக்கு விரல் பொருந்தியது. அடுப்பு சுட்டுத் தழும்பேறின சுட்டுவிரல்கூட அந்த விரலுக்குள் போய் அடங்கிவிட்டது. கையை எடுக்கவில்லை. எடுடி. எடு. அவள் வளையல் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு நழுவி இறங்கியது, அந்தச் சத்தம் வளைவு முழுக்கக் கேட்டது அவருக்கு. கல் அவளை இழுத்துப் பிடித்துவைத்துக்கொண்டதோ என்று நினைத்தார், ஊருக்கெல்லாம் பொய் சொல்லிப் பழகினவனுக்கு அன்றைக்கு எல்லாமே நிஜமாகத் தோன்றியது.

"ஒரு சூடம் காட்டிருவோம்" என்றாள் வேலம்மா. சொல்லும்போதே வெற்றிலையில் கற்பூரத்தை வைத்தாகிவிட்டது; வடக்கே கிளம்பும்போது அவள் பையில் மாற்றுப்புடவைக்கு முன்னால் கற்பூரம்தான் ஏறியது. வேண்டாம் என்று ஆவுடையப்பன் சொன்னதாகத்தான் அவருக்கு ஞாபகம், யாருக்கும் கேட்கவில்லை. தீக்குச்சி கிழிபட்டது. பன்வர்லால் அவர் கையை விட்டுவிட்டு, "ஆக் நஹீ! ஆக் நஹீ!" என்று பாய்ந்தான், காவல்காரன் விசில் ஊதினான், அந்த வார்த்தை, மரக்கிட்டங்கி, அனல், இலைக் கூடை, எல்லாம் ஒன்றாக வந்து, வெற்றிலையில் நின்று ஆடுகிற சுடருக்கும் உலகம்மாளின் சேலைத் தலைப்புக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது என்பது மட்டும் தெரிந்து, கைப்பைகளோடு போய் விழுந்து, வாயைக் குவித்து, ஊதினார். ஊதியே அணைத்துவிட்டார். சாமிக்கு ஏற்றின சூடத்தை. அதுவும் ஒரு சுமங்கலி ஏற்றினதை. அதுவும் எச்சில் வாயால். விசில் சத்தம்கூட நின்றுபோனது. "ஐயோ அண்ணாச்சி" என்றாள் வேலம்மா, கருகின வெற்றிலையைப் பிடித்துக்கொண்டு, அழுகிற குரலில். "வாய் வச்சு ஊதிட்டீகளே. அக்கா தலையில இப்படி மண்ணள்ளிப் போட்டுட்டீகளே." ஒருத்தரும் அவரைப் பார்க்கவில்லை, எல்லாரும் உலகம்மாளைப் பார்த்தார்கள். அவள் சுவரிலிருந்து கையை எடுத்தாள். உள்ளங்கையெல்லாம் செந்தூரம். அவரருகே வந்து, மாத்திரைப் பையைத் திறந்து, கேட்காமலே ஒன்றை எடுத்து அவர் நாக்குக்கடியில் வைத்தாள். விரல் கசந்தது.

நாக்குக்கடியில் மாத்திரை கரைவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டார், அவரால் அதுதானே முடியும். "உலகு, நீ கை வச்சேல்லா, அந்தச் சின்னக் கை. அவ மட்டும் போகலையாம்டி. எல்லாரும் கையை வச்சிட்டுப் போனாளுவ. இவ கையை வச்சா, என்ன தோணுச்சோ, சரி நான் வீட்டுக்குப் போறேன்னுட்டு விறுவிறுன்னு ஏறி உள்ள போயிட்டாளாம். ராஜாவோட அம்மா கத்துதா, மந்திரி கத்துதான். இவ போய் அடுப்பைப் பத்தவச்சு ரொட்டி சுட்டுச் சாப்பிட்டாளாம். எம்பது வயசு வரைக்கும் இருந்தாளாம். பல்லு போனபிறகும் முறுக்கை இடிச்சுத் தின்னாளாம்." சொல்லிக்கொண்டே போனார், குரல் தாழ, மூச்சு வாங்க, அவள் முகத்தைப் பாராமல் அவள் கைச் சிவப்பைப் பார்த்துக்கொண்டு, பேரன் பேத்தி, பேத்தி கல்யாணம், தனியாகக் காசிக்குப் போய்வந்தது, ஒருத்தரும் அவளை ஒரு சொல் கேட்கவில்லை, கேட்டவனை விளக்குமாற்றால் சாத்தினாள். உலகம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள், உதட்டை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு. "இதையும் அவன்தான் சொன்னானாக்கும்?" "ஆமா." "இப்ப அவன் கதை சொல்ல வாயே திறக்கலியே அத்தான்." தலைப்பால் கையைத் துடைத்தாள், சிவப்பு போகவில்லை. "அவன் கையை இப்படி இப்படி ஆட்டிக்கிட்டே மேல கொண்டுபோகும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்த வெள்ளைக்காரியும் அழுதா. நான் கும்பிடவா போனேன்? எம்புட்டுப் பிள்ளையா இருந்திருப்பான்னு வச்சுப் பாத்தேன். நம்ம பேத்தி கை அத்தான் அது." பிறகு, காற்று எப்படி இருக்கிறது என்று சொல்கிற குரலில், "நான் வரமாட்டேன்" என்றாள். அவர் எங்கே என்று கேட்கவில்லை. "அன்னைக்குச் சொன்னேன். உங்களை உள்ள தள்ளிட்டுப் போறான், முழிச்ச கண்ணு முழிச்சபடி கிடக்கிய, என்னத்தையாவது சொல்லி அனுப்பணும்லா, சொன்னேன். நீங்க பிழைச்சு வந்து அதையே ஊர் ஊராத் தண்டோரா போட்டிய. எனக்கு ராத்திரி எத்தனை நாள் தூக்கம் இல்ல தெரியுமா? இந்த மனுசன் போனா நம்மளயும் சேத்து எதிர்பாப்பாங்களேன்னு."

வரமாட்டாள். நெஞ்சுப் பல்லி நின்றது. அப்பாடா என்றுதான் வந்தது முதலில், கல்லை இறக்கிவைத்தது மாதிரி; அந்த அப்பாடா தொண்டைக்கு வருவதற்குள்ளேயே பின்னாலிருந்து இன்னொன்று வந்து அதை முட்டியது. வரமாட்டாளா? ஏன் வரமாட்டாள்? நாற்பது வருஷத்துக்கு மேலே கூட இருந்துவிட்டு, சும்மா சொன்னேன் என்கிறாளே, சும்மாவா, அந்தப் பச்சைத் துணிக்கதவு, அந்த மஞ்சள் வாசம், ராஜா மாதிரிக் கிடந்தோமே. இத்தனை நேரம் எது நடக்கக்கூடாது என்று பயந்து செத்தாரோ அது நடக்காது என்று அவளே சொல்லிவிட்டாள், அதற்குப் போய் முகம் வாடுகிறதே, என்ன பிறவி ஆவுடையப்பா நீ. அழுகையும் சிரிப்பும் ஒரே குழாயில் வர, அந்தக் குழாயோ ஏற்கெனவே அடைப்பு. "அக்கா என்ன சொல்லுதா அண்ணாச்சி?" வேலம்மா கிட்டே வந்துவிட்டாள், பின்னாலேயே மொத்தப் பேரும், நயினார் கழுத்தை நீட்டிக்கொண்டு. கருகின வெற்றிலை வாசம் இன்னும் போகவில்லை. "சூடத்தை ஊதினதுக்குக் கோவிச்சுக்கிட்டாளா?" உலகம்மாள் தன் செருப்பைத் தேடிக்கொண்டு குனிந்துவிட்டாள், பதிலை அவரிடம் விட்டுவிட்டு. இதுவரை சொன்ன அத்தனைக்கும் அவரிடம் ஒன்றுக்கு மூன்றாகச் சரக்கு உண்டு, இதற்கும் உண்டு, நாக்கின் நுனிக்கு வந்தும்விட்டது. மாத்திரையின் கசப்போடு அதை விழுங்கினார்.

"நான் போனா கூட வரமாட்டாளாம்" என்றார். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது, பன்வர்லால்கூடத் திரும்பிப் பார்த்தான். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில சும்மா சொன்னாளாம். கற்பூரம், சத்தியம், டாக்டர் அழுதது எல்லாம் நான் சேத்தது. எல்லாரும் கேட்டுக்கோங்க. ஊருக்குப் போயும் சொல்லுங்க. அவ இருப்பாளாம்." வேலம்மாவுக்கு வாய் அடைத்தது அந்த டூரில் அது ஒரு தடவைதான். "என்னக்கா இது?" என்றாள் கடைசியில், சாமி சிலைக்குத் தும்மல் வந்ததைப் பார்த்தவள் மாதிரி. உலகம்மாள் ஒரு செருப்பைக் காலில் மாட்டி, இன்னொன்றைக் குவியலிலிருந்து விரலால் இழுத்துக்கொண்டே, "ஆமா" என்றாள். "கல்யாணம் ஆன நாள்லேருந்து இவுக குறட்டை. ஒரு நாலு வருசமாவது கட்டில் நடுவுல படுத்து நிம்மதியாத் தூங்கிட்டு அப்புறம் வாரேன்." யாரோ ஒருத்தி பொத்தின வாய்க்குள் களுக்கென்றாள், அடுத்தவள் சேர்ந்துகொண்டாள், நயினார்கூட, "இதுதான்வே முதல் உருப்படியான மொழிபெயர்ப்பு" என்றார். காவல்காரன் நகரச் சொல்லிக் கையை வீசினான். கூட்டம் செருப்பைத் தேடி ஏறியது, உலகம்மாளும் ஏறினாள், வாசலைத் தாண்டுகிற இடத்தில் நின்று அவருக்காகச் சிவந்த கையை நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டார். நாலு வருஷம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டார், அது தன்னிடமிருந்து எடுத்துக் கொடுக்கிற சாமான் மாதிரி, மண்ணெண்ணெய் மாதிரி, தளும்பத் தளும்ப ஊற்றிக் கொடுக்கலாம் மாதிரி இருந்தது.

"நாலு எப்படிடி பத்தும்?" என்றார். "எட்டா வச்சுக்கோ."